புளி போட்டுத் துலக்கிய மோட்டார் சைக்கிள்

போன வாரம் மோட்டார் சைக்கிள் எஞ்சின் உறுமியதோடு நிறுத்தியிருந்தேன். உறுமியது உண்மை. ஆனால் அப்போது எஞ்சின் உட்கார்ந்திருந்த இடம் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். வண்டி நின்ற இடம் கொல்லைப்புறத்துப் பப்பாளி மரத்தடி. இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரமும் நிறையத் துருவும் இருந்தன.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வாசு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும், கூட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் கிராணி. மோட்டார் சைக்கிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது வந்தால் ரோட்டோரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒன்று வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் மனைவி சீதாலெட்சுமியின் தம்பி அய்யாவு.

செமினிப் பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். ரப்பர் விலை விழுந்தது. ஆள் குறைத்தார்கள். கடைசியில் துரையே மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்விட்டார். அவர் மாட்டுக் கொட்டகையில் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிளை, “எடுத்துக்கிட்டுப் போனாப் போதும்” என்று அய்யாவு தலையில் கட்டினார்கள். மரவள்ளிக்கிழங்கு லோரியில், கிழங்குக்கு மேலே மல்லாந்து படுத்தபடி அது எங்கள் வீட்டுக்கு வந்தது. சீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்த கூடு ஒன்று, அதற்குள் ஒரு கூமுட்டை.

இனாமாகக் கிடைத்த பொருளுக்கு ஆகிற செலவைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். எழுதினால் அச்சுக்கூலிக்குக் காசிருக்காது.

ஆனால் அந்த வண்டியை நம்பித்தான் அய்யாவு இருந்தான். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நஜ்முதீன் ராவுத்தருக்குத் தீபாவளித் துணியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்க ஓர் ஆள் வேண்டும். காப்பார், ஜெராம், பந்திங் என்று சுற்றுகிற வேலை. சொந்தமாக மோட்டார் வண்டி இருக்கிறவனுக்கே அந்த வேலை என்று ராவுத்தர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் வண்டியோடு கடை வாசலில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் வேறு ஒருவன் காத்திருந்தான்.

அந்த ‘மறுநாளு’க்கு முந்தின நாள்தான் இந்த வாரத்துக் கதை. அன்று ஆயுத பூஜை.

காலையில் சீதா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். களிம்பு ஏறிக் கறுத்திருந்த விளக்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொன்னாகிவிட்டது. நான் காப்பி டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தேன். எனக்கு யோசனை உதிக்கிற நேரங்களில் யாராவது என்னைத் தூணோடு சேர்த்துக் கட்டிவைப்பது நல்லது.

“அய்யாவு, அந்த பிரேமுக்குப் புளி போட்டா என்ன?”

எஞ்சின், டாங்கி, சக்கரம் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற இரும்புச் சட்டத்தைத்தான் பிரேம் என்பார்கள். வண்டிக்கு அதுதான் எலும்புக்கூடு. எங்கள் எலும்புக்கூடு முழுக்கத் துரு. பல நாளாக உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அய்யாவுவின் விரல் ரேகை அழிந்ததுதான் மிச்சம்.

“புளியா? ரசம் வைக்கப் போறீங்களா அத்தான்?”

“உப்புத்தாள் தீர்ந்துபோச்சுங்கறே. வாங்கவும் வழியில்லேங்கறே. வீட்டிலே புளி இருக்கு.”

“வீட்டிலே இருக்கிற புளி தீபாவளி வரைக்கும் வரணும்,” என்றாள் சீதா, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு கண்ணை எடுத்துத் தம்பியின் விரலைப் பார்த்தாள். எழுந்துபோய்ப் புளிப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். “முழுசையும் கரைச்சுடாதீங்க.”

முழுசையும் கரைத்தோம்.

தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். இத்தனை நாள் உப்புத்தாளுக்கு மசியாத துரு, புளிக்கு மசிந்தது. சேறு மாதிரி வழிந்து ஓடியது. அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயில்வேக்காரன் என்னைக் கூட்ஸ் ஷெட்டில் போட்டு வீணாக்குகிறான் என்றே நினைத்தேன்.

“வேலை முடிஞ்சுதுன்னா ஆயுதமெல்லாம் குடுங்க. பூஜைக்கு வைக்கணும்,” என்று சீதா வந்து நின்றாள்.

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ. இனிமே பெயிண்ட் அடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி. விடியக்காலையிலே மறுபூஜை ஆனதும் எஞ்சினை மாட்டிடுவான் உன் தம்பி.”

அதோடு விட்டேனா? நானே என் கையால் சுமந்துகொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்பானர், சுத்தியல், அரம், குறடு எல்லாம் போயின. பழைய பெயிண்டைச் சுட்டெடுப்பதற்காகத் தகரக்கடைச் சீனர் ஆ லொக்கிடம் இரவல் வாங்கியிருந்த ஊதுவிளக்கும் போயிற்று. மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடித்தால் நாக்கை நீட்டிச் சீறுகிற பித்தளைச் சாமான் அது. பார்க்க லட்சணமாயிருந்ததால் சீதா அதை நடுவில் வைத்தாள். பொட்டிட்டாள். மல்லிகைச் சரம் சுற்றினாள். என் ஆபீஸ் பேனா இடமில்லாமல் அதன் காலடியில் கிடந்தது.

பூஜையில் வைத்ததை மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் இதற்கு அப்பீல் கிடையாது.

மணியடித்து, கற்பூரம் காட்டி, பொரியும் சுண்டலும் ஒரு கை பார்த்துவிட்டு நாங்கள் கொல்லைக்கு வந்தோம். பிரேம் ஆரஞ்சு நிறத்தில் நின்றுகொண்டிருந்தது.

“என்ன அத்தான் இது? யாராவது மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்களா?”

துருதான். தண்ணீர் விட்டு அலசியவர்கள் துடைக்காமலே போய்விட்டோம். குத்துவிளக்கை அப்படித்தானே கவிழ்த்து வைக்கிறோம்? பித்தளை பொறுத்துக்கொள்ளும். இரும்பு பொறுக்காது என்பது எஞ்சின் ஓட்டின அவனுக்கும் தோன்றவில்லை, கணக்கு எழுதுகிற எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் உள்ளே பூஜை செய்த நேரத்தில் துரு வெளியே தன் பூஜையை முடித்துவிட்டது.

அய்யாவு மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மறுபடி ஆரம்பித்தான். பாதி வேலையில் துணி எதிலோ மாட்டிக் கிழிந்தது.

“அத்தான், இங்க வாங்க.”

குரலிலேயே தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ஹாண்டில் வந்து சேருகிற கழுத்துக்குக் கீழே, பைப்பைச் சுற்றி ஒரு விரிசல். எந்தக் காலத்திலோ யாரோ மெழுகும் பெயிண்டும் அப்பி அதை மூடியிருந்தார்கள். அதற்கு மேல் துரு மூடியிருந்தது. நாங்கள் தேய்த்த தேய்ப்பில் எல்லா மூடியும் கழன்றுவிட்டது.

அவன் பிரேமை இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளைத்தான். விரிசல் வாயைத் திறந்து மூடியது.

“இத்தனை வருஷமா துருதான் இதைப் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கு,” என்றான்.

“ஏறி உக்காந்தா?”

“பெட்டாலிங் தாண்டாது. முன்சக்கரம் மட்டும் ராவுத்தர் கடைக்குப் போகும். நான் பெட்டாலிங்கிலேயே கிடப்பேன்.”

“என்ன செய்யணும்?”

“பித்தளையை உருக்கி விட்டுப் பத்த வைக்கணும். நல்லா சூடு வேணும். ஊதுவிளக்கு...”

அவன் முடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பூஜை அறைப் பக்கம் திரும்பினோம்.

“முடியாது,” என்றாள் சீதா. நாங்கள் இன்னும் வாயைத் திறக்கவேயில்லை.

“சீதா, இது உன் தம்பி வேலைக்காக...”

“என் தம்பி வேலைக்காகத்தான் வேண்டிக்கிட்டு வெச்சிருக்கேன். வேண்டிக்கிட்டதைப் பாதியிலே பிடுங்கினா, குடுக்கிறவ குடுப்பாளா?”

“ஒரு விளக்கு மட்டும். மத்ததெல்லாம் இருக்கட்டுமே.”

“ஆபீஸ்லே உங்க துரை கையிலே இருக்கிற பேனாவை இப்படிப் பிடுங்குவீங்களா?”

என் துரை கையில் பேனாவைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. அதைச் சொல்கிற நேரம் இல்லை அது. அவள் கண்ணைப் பார்த்தேன். பிடிவாதம் இல்லை அங்கே, பயம். தம்பிக்காக வைத்த வேண்டுதலைத் தானே கெடுத்துவிடுவோமோ என்கிற பயம்.

“விடுங்க அத்தான். வெளியிலே பாப்போம்,” என்றான் அய்யாவு.

வெளியிலே பார்த்தோம். ஊரே மாலை போட்டுக்கொண்டிருந்தது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் குங்குமம், தையற்கடை மிஷினுக்குக் கதம்பம், சலூன் கத்திக்குச் சந்தனம். செந்தூல் ஒர்க்‌ஷாப் பக்கம் போகலாமா என்று யோசித்தேன். அங்கே ரயில் எஞ்சினுக்கே எலுமிச்சம்பழம் கட்டியிருப்பார்கள். கோலாலம்பூரில் இருந்த தமிழன் கை ஆயுதம் அத்தனையும் அன்று ஒரே நாளில் லீவு எடுத்துக்கொண்டது.

நகை செய்கிற கன்னையா பத்தர் கடை வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

“ஊதுகுழலா? சாமிகிட்ட இருக்கு.”

“துருத்தி?”

“சாமிகிட்ட. குறடு, தராசு, கரியள்ளுற கரண்டி கூட சாமிகிட்டதான். என்னையும் சேர்த்து வைடீன்னேன். ‘நீங்க என்னிக்கு வேலை செஞ்சீங்க, ஆயுதம்னு சொல்லிக்க’ங்கறா.”

அய்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு பொட்டலம் வெங்காரத்தோடு வந்தார். பற்று வைக்கிறபோது உலோகம் ஓடிப் பிடிக்க அதைத்தான் தூவுவார்கள்.

“இது ஆயுதமில்லே, பொடி. கொண்டு போ, தம்பி. இரும்பு நல்லா பளிச்சுனு இருக்கணும், ஆமா.”

நெருப்பு கிடைக்கவில்லை, நெருப்புக்குப் போடுகிற பொடி கிடைத்தது. அன்றைய நாள் அப்படி.

கடைசி நம்பிக்கை ஆ லொக். அவருக்கு ஆயுத பூஜை இல்லையே! வேறு ஏதாவது விளக்கு வைத்திருப்பார் என்று போனால், கடைப் பலகை சாத்தியிருந்தது. பக்கத்துக் காப்பிக்கடைக்காரர் சொன்னார்: “கிராணி, உங்க வீட்டுக்குத்தான் போனாரு. அவருகிட்ட இருக்கிறது அந்த ஒரு லம்புதானாம். மத்தியானத்துக்குள்ள தர்றேன்னு சொல்லியிருந்தீங்களாமே?”

சொல்லியிருந்தேன். மறந்தும்போயிருந்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரே சந்தோஷம்.

“மச்சான், கஷ்டம் விட்டுது! விளக்கு அவருது. சொந்தக்காரரே வந்து கேட்டா உங்கக்கா எப்படி மாட்டேன்னு சொல்லுவா? அவர் வாங்கின கையோட நாம பத்த வெச்சுக்கலாம்.”

ஏறக்குறைய ஓடினோம்.

வீட்டுக் கொல்லைப் படியில் ஆ லொக் உட்கார்ந்திருந்தார். கையில் வாழையிலைத் துண்டு, அதில் சுண்டல். அவருக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் எங்கள் பிரேம். கழுத்தில் சாமந்தி மாலை. நீளவாக்கில் மூன்று பட்டை சந்தனம், மேலே குங்குமம். கீழே ஓர் எலுமிச்சம்பழம்.

“சீதா! இதென்ன?”

“வண்டியும் ஆயுதம்தானே? காலையிலே விட்டுப்போச்சு. அதனாலதான் விரிசல் விட்டுதோ என்னமோன்னு...” அவள் குரல் இறங்கிவிட்டது. “இப்ப வெச்சுட்டேன்.”

ஆக, விளக்கும் போயிற்று, வண்டியும் போயிற்று. நான் ஆ லொக் பக்கம் திரும்பினேன்.

“தௌகே, உங்க விளக்கை எடுத்துக்கலையா?” சீன முதலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“தா போலே,” என்று தலையை ஆட்டினார். மீதியையும் பாசார் மலாயில், அதாவது கடைத்தெரு மலாயில்தான் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்: “முடியாது கிராணி. சாமி வாங்கிக்கிட்டது. நான் எடுத்தா கோபம் வரும்.”

“அது எங்க சாமிதானே? உங்க சாமி இல்லையே.”

“யார் சாமியா இருந்தா என்ன, கோபம் ஒண்ணுதான். போன வருஷம் என் மாமியா சாமிக்கு வெச்ச ஆரஞ்சை எடுத்துத் தின்னேன். மறுநாள் ஏணியிலேருந்து விழுந்தேன்.” முழங்கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். “உன் பொண்டாட்டி எடுத்துக் குடுத்தா வாங்கிக்கிறேன்.”

“மறுபூஜை ஆனதும் கட்டாயம் தர்றேன் தௌகே,” என்றாள் சீதா. “இன்னும் கொஞ்சம் சுண்டல்?”

“போலே,” சரி என்று இலையை நீட்டினார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். கொடுக்க வேண்டியவள் கொடுக்க மாட்டாள். வாங்க வேண்டியவர் வாங்க மாட்டார். உத்தரவு போட வேண்டியவள் படத்துக்குள் வீணை வாசித்துக்கொண்டிருக்கிறாள். இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அழகு. எனக்கு அந்த அழகு கிடையாது.

“மச்சான், நீயும் ஒரு மாலையைப் போட்டுக்கிட்டு அது மேலே ஏறி உக்காந்துடு. சரஸ்வதியே கிள்ளான் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிடுவா.”

அய்யாவு சிரிக்கவில்லை.

“யாரும் தள்ள வேண்டாம் அத்தான். நாளைக்கு நான் ரயில்லேயே போய்க்கறேன். கிள்ளான்லே இறங்காம நேரா போர்ட்டுக்கு.”

“போர்ட்டுக்கா? அங்கே எதுக்கு?”

“சாயங்காலம் கப்பல். ஊருக்கு. லேபர் ஆபீஸ்லே பேர் குடுத்திருக்கேன். வேலையில்லாதவங்களுக்கு டிக்கட்டு இனாம்.”

சுண்டல் கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

“எப்போ குடுத்தே?” சீதா கேட்டாள்.

“துரு போகாதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு. ராவுத்தர் வேலை கிடைச்சா பேரை அடிச்சுடச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“எத்தனை நாளைக்கு அக்கா, அத்தான் வீட்டிலே உக்காந்து தின்னுக்கிட்டு...”

“யாருடா இங்கே கணக்குப் பாத்தா?” என்றேன் நான்.

“யாரும் பாக்கலே. அதான் அத்தான் கஷ்டமா இருக்கு.”

சீதா படியில் இறங்கி அவன் எதிரே வந்து நின்றாள். “ஊருக்குன்னியே, எந்த ஊருக்கு? கைக்குழந்தையா வந்தவன் நீ. அங்கே யார் இருக்கா?”

“சித்தப்பா ஒருத்தர் இருக்காராம்.”

“இருக்காராம்!”

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்துக் காய்ச்சலில் செமினியில் போய்ச் சேர்ந்தபின், கடலுக்கு இந்தப் பக்கம் அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். என்னைச் சேர்க்கவில்லை. நான் வந்து மாட்டிக்கொண்டவன்.

எனக்கு இரண்டாவது யோசனை உதித்தது. ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து வந்தேன். வருஷா வருஷம் மதராஸிலிருந்து கப்பலில் வருகிற பஞ்சாங்கம்.

“சீதா, நவமி நாலரை வரைக்கும்னு போட்டிருக்கு பார். அது மதராஸ் மணி. நமக்கும் அவங்களுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். நாம முந்தி. அப்போ நமக்கு நவமி மூணு மணிக்கே முடிஞ்சாச்சு. இப்போ மணி மூணரை. தசமி வந்துடுச்சு. தாராளமா மறுபூஜை போடலாம்.”

நான் ரயில் நேரங்களோடு குடும்பம் நடத்துகிறவன். சொன்ன கணக்கு தலைகீழ் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தை மட்டும் கூட்ஸ் ஷெட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

சீதா என்னையே பார்த்தாள். “இங்கே மூணுன்னா அங்கே மணி என்ன?”

“ஒன்றரை.”

“அங்கே நாலரை அடிக்கிறப்போ இங்கே?”

நான் பப்பாளி மரத்தைப் பார்த்தேன். “ஆறு.”

“சாமி விஷயத்திலேயே பொய்க் கணக்கா?”

ஆ லொக்குக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இருந்தாலும் சிரித்தார். புருஷன் மாட்டிக்கொண்ட முகம் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆனால் சீதா பஞ்சாங்கத்தைத் திருப்பி மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆறு மணிக்குத் தசமி வந்துடுது,” என்றாள் மெதுவாக.

“அதான் சொல்றேனே...”

“நீங்க சொன்னது மூணு. பேசாம இருங்க. தசமி வந்தப்புறம்தானே மறுபூஜை? ஆறு மணிக்கு மேலே நான் பண்ணினா என்ன?”

“எல்லாரும் விடிஞ்சப்புறம்தானே அக்கா பண்றாங்க?” என்றான் அய்யாவு.

“எல்லார் தம்பிக்கும் நாளைக்குக் கப்பலா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆறு மணி வரை காத்திருப்பதுதான் மிச்சம். மூணரையிலிருந்து ஆறு என்பது சின்ன நேரம் என்று நினைக்கிறவர்கள், கையைக் கட்டிக்கொண்டு ஒரு விரிசலைப் பார்த்தபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரத்தைத் தொடக்கூடாது. உப்புத்தாள் ஆயுதமா இல்லையா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. அதில் நான் தோற்றேன். ஆ லொக் படியிலேயே சாய்ந்து குறட்டை விட்டார்.

ஐந்து மணிக்கு வானம் கறுத்தது. கோலாலம்பூர் மழைக்குப் பஞ்சாங்கம் வேண்டாம், சொல்லிவைத்தாற்போல் வரும்.

“அய்யாவு, பிடி. உள்ளே தூக்கிட்டுப் போயிடலாம்.”

“பூஜையிலே இருக்கிறதை நகத்தாதீங்க!” என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

நனைந்தால் மறுபடி துரு. நகர்த்தினால் சாமி குற்றம். ரயில்வேயில் எனக்குக் கொடுத்திருந்த பெரிய கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு போய், பப்பாளி மரத்தடியில் மாலை போட்ட மோட்டார் சைக்கிள் எலும்புக்கூட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். குடை அதற்குத்தான் போதுமாயிருந்தது. என் முதுகில் மழை ஓடையாக ஓடியது. அடுத்த குவார்ட்டர்ஸ் ஜன்னலில் மூன்று குழந்தைகள் வந்து நின்று பார்த்தன. ஒன்று கையெடுத்துக் கும்பிட்டது.

கொஞ்ச நேரத்தில் குடைக்குள் இன்னொரு தலை நுழைந்தது. அய்யாவு. ஒரு கோணியை மடித்து விரிசலின் மேல் பிடித்துக்கொண்டான்.

“உள்ளே போங்க அத்தான். காய்ச்சல் வந்துடும்.”

“வந்தா லீவு கிடைக்கும்.”

அப்போதுதான், அன்று முதல் தடவையாக, அவன் கொஞ்சம் சிரித்தான். உடனே நிறுத்தியும் விட்டான்.

மழை விட்டது. மணி ஆறு. சீதா இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று பார்த்திருந்துவிட்டு விளக்கேற்றினாள். நைவேத்தியம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். அவள் உதடு எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஊதுவிளக்கை வெற்றிலை பாக்கோடு இரண்டு கையாலும் எடுத்து ஆ லொக்கிடம் நீட்டினாள். அவர் வேட்டியே கட்டாத குறையாக, பயபக்தியோடு குனிந்து வாங்கிக்கொண்டார். மல்லிகையை மட்டும் பிரித்துக் காது மேல் வைத்துக்கொண்டார்.

அடுக்களைத் தாழ்வாரத்தில் செங்கல்லைக் கூடுபோல் அடுக்கி, கரியைக் கொட்டி, நடுவில் பிரேமின் கழுத்தை வைத்தார்கள். அய்யாவு விரிசலை அரத்தால் ராவிப் பளிச்சென்று ஆக்கினான். ஒரு பட்டை இரும்பை வளையமாகச் சுற்றிக் கம்பியால் இறுக்கினான். வெங்காரத்தைக் குழைத்துப் பூசினான். ஆ லொக் கால்சட்டைப் பையிலிருந்து துண்டு துண்டாகப் பித்தளைக் கம்பியை எடுத்தார். விளக்கு சீறியது. நான் விசிறிமட்டையால் கரியை விசிறினேன். எனக்குக் கொடுத்த உத்தியோகம் அது.

இரும்பு கறுத்து, கருஞ்சிவப்பாகி, பழுக்கத் தொடங்கியது. பித்தளை மட்டும் அசையவில்லை. ஒரு தடவை முத்தாகத் திரண்டு உருண்டு கீழே விழுந்தது. ஆ லொக் சீன பாஷையில் ஒன்று சொன்னார். அது மந்திரம் இல்லை என்பது நிச்சயம். மறுபடி வெங்காரம், மறுபடி சூடு. என் கை மரத்துப்போயிற்று. சீதா கதவோரத்தில் நின்றவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சட்டென்று பித்தளை தண்ணீராகி, விரிசலைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடி உள்ளே போய்விட்டது.

ஆ லொக் விளக்கை அணைத்தார்.

“தானா ஆறணும். தண்ணி ஊத்தினா திரும்ப வெடிக்கும்.”

“நிக்குமா தௌகே?” என்று கேட்டான் அய்யாவு.

“நான் வாளிக்கும் தொட்டிக்கும் பத்த வைக்கிறவன். வாளி மேலே யாரும் ஏறி உக்காந்து கிள்ளானுக்குப் போனதில்லை.” விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஓடினா தெரியும்.”

கூலி கேட்கவில்லை. மீதிச் சுண்டலைப் பாத்திரத்தோடு கொண்டுபோனார். பாத்திரம் இன்னும் வரவில்லை.

அவர் போனபின் நாங்கள் மூன்று பேரும் அந்தச் சூட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பித்தளை ஓடின இடம் அரிக்கேன் வெளிச்சத்தில் மோதிரம் போட்டதுபோல் மின்னியது.

“ஆறினதும் எஞ்சினை ஏத்திடறேன் அத்தான். பெட்டியைப் பின்னாலே கட்டிக்கறேன்,” என்றான் அய்யாவு.

“பெட்டி எதுக்கு?”

“பத்த வெச்சது நின்னு, ராவுத்தர் பார்த்து, சரின்னா கிள்ளானோட நிக்கறேன். நிக்கலேன்னா, அவர் வேணாம்னா, அங்கேயிருந்து போர்ட்டு கிட்டதானே. வண்டியை அவர் கடையிலே போட்டுட்டுப் போறேன். நீங்க ஒரு நாள் வந்து எடுத்துக்கங்க.”

“எப்படி எடுக்கிறது? இடுப்பிலே வெச்சுக்கிட்டா?”

பிரிக்பீல்ட்ஸிலிருந்து போகிற அந்த ரோட்டை எனக்குத் தெரியும். அதன் ஓரத்து லைனில் கூட்ஸ் அனுப்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். அது கிள்ளானோடு முடிகிறதில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் போர்ட் சுவெட்டன்ஹாம், அதற்கப்புறம் கடல்.

சீதா எழுந்தாள்.

“காலையிலே கட்டுச்சோறு கட்டணும். வழியிலே சாப்பிட ஒரு வேளைக்கா, கப்பலுக்கும் சேர்த்தா?”

சாதாரணமாகத்தான் கேட்டாள், மோர் வேண்டுமா ரசம் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. அய்யாவு அரத்தைக் கையில் எடுத்தான். ராவ வேண்டியது ஒன்றுமே இல்லாத இடத்தில் ராவிக்கொண்டிருந்தான்.

“ரெண்டுக்கும் கட்டிடு அக்கா,” என்றான், தலையைத் தூக்காமல்.

“சரி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எதையாவது சொல்லி அவனைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். அத்தனை நேரம் கேட்காமலே வந்துகொண்டிருந்த வாய்க்கு அப்போது ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நானும் உள்ளே போனேன்.

சீதா அரிசிப் பானை முன்னால் உட்கார்ந்திருந்தாள். படியை உள்ளே விட்டு ஒரு தடவை அளந்து முறத்தில் கொட்டினாள். மறுபடி படியை உள்ளே விட்டாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு வெறும் படியை வெளியே எடுத்து, பானையை மூடி, மூடியின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

முறத்தில் இருந்தது ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசி.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். “அவன்கிட்டே சொல்லாதீங்க,” என்றாள்.